பொதுச் சொத்தாகிய மருந்து: வைத்தியசாலைத் தொற்றுகளும் வன்னியின் பொறுப்பும்

(புளியங்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவம் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ, மருத்துவ பீட மண்டபங்களில்தான் நடக்கின்றன. வைத்தியர் பேச வைத்தியர் கேட்பார்கள். இந்தச் சொற்பொழிவைப் புளியங்குளத்தில், ஊரார் முன்னிலையில் வைக்க முடிவெடுத்தவர்களுக்கு என் முதல் நன்றி. நான் எடுத்துக்கொண்ட பொருள் ஊராரோடு பேசியே தீரவேண்டிய பொருள். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் வைத்தியசாலைகளில் உண்டாக்கும் தொற்றுகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

ஏ-9 வீதியில் தெற்கே வவுனியா, வடக்கே மாங்குளமும் கிளிநொச்சியும், கிழக்கே நெடுங்கேணி என வழி பிரியும் சந்தி இது. இங்கே ஒரு கமக்காரருக்குக் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பாமசியில் சொல்லி நாலு குளிசை வாங்குகிறார். மூன்றாம் நாள் தனியார் டிஸ்பென்சரியில் வேறு குளிசை. ஐந்தாம் நாள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் ஊசி. அங்கிருந்து வவுனியாவுக்கு ட்ரான்ஸ்பர். நிலைமை மோசமானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. ஐந்து இடங்களில் ஐந்து மருந்து. முன்னே என்ன கொடுத்தார்கள் என்பது பின்னே பார்ப்பவருக்குத் தெரியாது. எந்தக் கிருமி என்று கண்டறிய இரத்தம் எடுக்கும்போது உடம்பில் பாதி மருந்து ஓடிக்கொண்டிருக்கும். ஆய்வுகூடத்தில் எதுவும் வளராது. ஆனால் கிருமி உடம்பில் இருக்கும். இந்தப் பாதையில்தான் நம் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

கிருமி எப்படித் தப்புகிறது

1928 இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1945 இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே அவர் எச்சரித்தார்: குறைந்த அளவில் மருந்தெடுப்பவர் கிருமியைக் கொல்ல மாட்டார், அதற்கு மருந்தைத் தாங்கப் பழக்கிவிடுவார், அந்தக் கிருமி பிறகு இன்னொருவரைத் தொற்றி அவரைக் கொல்லும் என்று. மருந்து பொதுமக்கள் கைக்குப் பரவலாக வந்துசேருமுன்பே அதைக் கண்டவர் சொன்ன வார்த்தை அது.

ஏன் இப்படி நடக்கிறது? பற்றீரியாக்களில் பல, வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒரே இரவில் கோடிக்கணக்கில் பெருகும் அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டில் தற்செயலாக ஒரு மாற்றம் நேரும். அந்த மாற்றம் மருந்தை உடைக்கும் நொதியைத் தரலாம். மருந்தை உள்ளே வரவிடாமல் வெளியே தள்ளும் திறனைத் தரலாம். மருந்து போய்ப் பற்றும் இடத்தையே உருமாற்றலாம். மருந்து மற்றவற்றைக் கொல்லும். இந்த ஒன்று மிஞ்சிப் பெருகும். மருந்தைத் தேவையில்லாமல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நம் குடலில் இந்தத் தெரிவு நடக்கிறது.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. 1950களின் இறுதியில் ஜப்பானில் வயிற்றுளைவு நோயை ஆராய்ந்த அறிஞர்கள், எதிர்ப்புத் திறன் ஒரு பற்றீரியாவிலிருந்து வேறு இனப் பற்றீரியாவுக்கும் கைமாறுகிறது என்று கண்டார்கள். பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்திருக்கும். ஆகவே ஒரு மருந்தை வீணாக்கினால் பல மருந்துகளை ஒருங்கே இழக்கிறோம்.

வைத்தியசாலை ஏன் களமாகிறது

இத்தகைய கிருமிகள் வைத்தியசாலையில் ஏன் குவிகின்றன? நோயாளிகளில் பெரும்பங்கினர் மருந்தில் இருக்கிறார்கள். மருந்துக்கு அடங்கும் கிருமிகள் அழிந்து அடங்காதவை நிற்கின்றன. கையில் கனுலா, சிறுநீர்ப் பையில் குழாய், மூச்சுக்குழலில் குழாய், வயிற்றில் சத்திரசிகிச்சைக் காயம் என உடம்பின் காப்பு பல இடங்களில் திறந்து கிடக்கிறது. இவையெல்லாம் உயிர்காக்கச் செய்யப்படுபவை. ஆனால் கிருமிக்கும் அவையே வாசல்கள். மெதிசிலின் என்ற மருந்து 1959 இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு அடங்காத ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியா 1961 இலேயே இங்கிலாந்தில் பதிவானது. இன்று அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளை அச்சுறுத்துபவை கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்றவை. அசினெட்டோபாக்டர் கட்டில் சட்டத்திலும் மேசையிலும் ஈரமின்றி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

ஆனால் கட்டிலிலிருந்து கட்டிலுக்கு அது தானாக நடந்து போவதில்லை. நம் கைகள்தான் கொண்டுபோகின்றன. 1847 இல் வியன்னாவின் மகப்பேற்று விடுதியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரேதப் பரிசோதனை முடித்துவரும் வைத்தியர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். பத்து வீதத்துக்கு மேலும் ஏறிக்கொண்டிருந்த தாய்மார் மரணம் சில மாதங்களில் இரண்டு வீதம் அளவுக்கு இறங்கியது. கிருமிதான் நோயை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படாத காலம் அது. அதே 1847 இல்தான் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, தமிழிலேயே மருத்துவ நூல்களை ஆக்கினார். உடம்பைப் பற்றிய அறிவு நோயாளியின் மொழியில் இருக்கவேண்டும் என்று அவர் நம்பினார். கைகழுவும் அறிவும் தாய்மொழியில் மருத்துவம் சொல்லும் மரபும் நமக்குப் புதியவை அல்ல. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இரண்டையும் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவராமல் இருக்கிறோம் என்பதே என் கவலை.

சென்னையிலிருந்து வந்த எச்சரிக்கை

2010 ஓகஸ்ட் மாதம் லான்செட் தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர். மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் என்டிஎம்-1 நொதியை உடைய பற்றீரியாக்களைச் சென்னையில் 44 மாதிரிகளிலும், ஹரியானாவில் 26 மாதிரிகளிலும், பிரித்தானியாவில் 37 மாதிரிகளிலும் அந்தக் குழு கண்டது. கார்பபெனம் என்பது மற்றவை கைவிடும்போது நாம் எடுக்கும் மருந்து. அதுவும் தோற்றால் மிஞ்சுவது கொலிஸ்டின் போன்ற ஒன்றிரண்டு. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களில் ஒதுக்கிவைத்த கொலிஸ்டினையே உலகம் மறுபடி கையிலெடுக்க நேர்ந்தது.

என்டிஎம் என்ற நொதியின் பெயரில் புதுடில்லி (நியூ டெல்லி) வந்ததால் இந்தியாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் சென்னையிலேயே வேறொரு பதிலும் பிறந்தது. தொற்றுநோய் நிபுணர் அப்துல் கபூர் முன்னின்று பல மருத்துவச் சங்கங்களைக் கூட்டி 2012 இல் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கினார். தொற்றுக் கட்டுப்பாடு, மருந்து விற்பனை ஒழுங்கு, ஆய்வுகூட வளர்ச்சி ஆகியவற்றுக்கு நடைமுறைப்படுத்தக்கூடிய வழிகாட்டியாக அது அமைந்தது. குறிப்பிட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளை, அதாவது அன்டிபயோடிக் மருந்துகளை, மருந்துச் சீட்டின்றி விற்கக்கூடாது என்றும், விற்பனையைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றும் கூறும் விதி 2014 மார்ச்சில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. குற்றம் யாருடையது என்ற வாதத்தைத் தாண்டி வேலையில் இறங்கியவர்களிடம் நாம் கற்கவேண்டியது நிறைய.

2011 இல் டில்லியின் தண்ணீரைச் சோதித்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51 இலும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2 இலும் என்டிஎம்-1 நொதிக்கான மரபணு இருந்தது. வைத்தியசாலைக்குள் பிறக்கும் சிக்கல் கழிவுநீர் வழியே ஊருக்குள் வருகிறது. ஊரில் உள்ளது நோயாளியின் குடலோடு வைத்தியசாலைக்குள் போகிறது. இந்தப் பரவல் நாட்டு எல்லையோடும் நிற்பதில்லை. 2016 இல் அமெரிக்காவின் நெவாடாவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் கிளெப்சியெல்லா தொற்றால் இறந்தார். அந்நாட்டில் கிடைத்த 26 நுண்ணுயிர்க்கொல்லிகளில் ஒன்றுகூட அந்தக் கிருமியை அடக்கவில்லை. அவர் முன்னர் தொடையெலும்பு முறிவுக்காக இந்தியாவில் வைத்தியசாலையில் இருந்தவர். பணமும் நவீன வைத்தியசாலையும் இருந்தும் மருந்து இல்லாமல் போன மரணம் அது.

உலகளவில், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019 இல் நேரடியாக 12.7 இலட்சம் பேர் இறந்தார்கள், அவற்றோடு தொடர்புடைய மரணங்கள் 49.5 இலட்சம் என்று 2022 இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

நம் வயல் சொல்லும் பாடம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். மாரி மழை விழுந்து காலபோக வேலை நடக்கும் நாட்களில், வயலில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால் அது குறைந்தது மூன்று வகையில் இருக்கலாம். டெங்கு என்றால் அது வைரசு. எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் அதற்கு உதவாது. எலிக்காய்ச்சல் என்றால் பழைய, மலிவான பெனிசிலினும் டொக்சிசைக்கிளினும் இன்றும் அதை அடக்கும்; 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இளையோர் சிலரைப் பலிகொண்ட காய்ச்சல் எலிக்காய்ச்சலென்றே கண்டறியப்பட்டது. மூன்றாவது மெலியோய்டோசிஸ். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

இந்த நோயின் கிருமி ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழ்வது. 1911 இல் ரங்கூனில் அல்பிரெட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இதை முதலில் அடையாளம் கண்டார்கள். இலங்கையில் 1927 இலேயே ஒரு நோயாளி பதிவானார். அதன்பின் நெடுங்காலம் இங்கே இது அரிய நோயென்றே எண்ணப்பட்டது. கொழும்பு மருத்துவ பீடத்தைச் சேர்ந்த ஈனோக்கா கொரெயாவும் சக ஆய்வாளர்களும் இந்த நூற்றாண்டில் நடத்திய தேடலே, இது நாட்டின் பல மாகாணங்களிலும் மண்ணோடு இருக்கும் நோய் என்பதை வெளிப்படுத்தியது. நீரிழிவு உள்ளவர்களையே இது அதிகம் தாக்குகிறது. நுரையீரலில் வந்தால் சயரோகம் போலத் தோன்றும். ஈரலில், மண்ணீரலில், மூட்டில் சீழ் கட்டும்.

இந்தக் கிருமி யாரும் மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் வலிமை பெற்றதல்ல. பிறவியிலேயே பெனிசிலின், அம்பிசிலின், ஜெண்டாமைசின் போன்ற பலவற்றுக்கும் அது அடங்காது. கடும் காய்ச்சல் என்றால் வழமையாகப் போடப்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் இதற்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது இரண்டு வாரம் நாளம் வழியே ஏற்றி, பிறகு கோ-டிரைமொக்சசோல் குளிசையைக் குறைந்தது மூன்று மாதம் எடுக்கவேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். இரத்தத்தையோ சீழையோ வளர்த்துப் பார்க்காமல் இதை உறுதிப்படுத்த முடியாது.

ஒரே வயல், ஒரே காய்ச்சல், மூன்று வேறு சிகிச்சை. "பவரான மருந்து போடுங்கோ டொக்டர்" என்று கேட்பது நம் வழக்கம். பவரான மருந்து என்று தனியாக எதுவும் இல்லை. கிருமிக்குப் பொருந்தும் மருந்து உண்டு. பொருந்தாத மருந்து உண்டு. எலிக்காய்ச்சலுக்கு மெரோபெனம் வீண். மெலியோய்டோசிசுக்கு பெனிசிலின் வீண். எது என்று தெரிய ஆய்வுகூடம் வேண்டும். அதனால்தான் வன்னியில் மருந்துக் களஞ்சியத்துக்குக் காட்டும் அக்கறையை ஆய்வுகூடத்துக்கும் காட்டுங்கள் என்று வேண்டுகிறேன்.

போரும் நெருக்கடியும்

இந்த மண்ணில் மருந்தைப் பற்றிப் பேசும்போது அது இல்லாமலிருந்த காலத்தைத் தாண்டிப் போகமுடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் மருந்து வருவது எவ்வளவு கடினமாயிருந்தது என்பதை இந்தச் சபையில் உள்ள பெரியவர்கள் அறிவார்கள். 2009 இல் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்குள்ளானது. பள்ளிக்கூடங்களும் கொட்டில்களும் சத்திரசிகிச்சைக் கூடங்களாயின. பெப்ரவரியிலிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல்கள் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களைத் திருகோணமலைக்கு ஏற்றிச்சென்றன. மண் படிந்த காயம், தாமதமான சத்திரசிகிச்சை, கிடைத்த மருந்தைக் கிடைத்த அளவில் கொடுக்கும் நிலை, நெருக்கியடித்த விடுதிகள் ஆகிய நான்கும் சேரும் இடத்தில் அடங்காத கிருமிகள் பெருகும். 2003 க்குப் பின் ஈராக்கில் காயமடைந்த படையினரின் காயங்களில் அசினெட்டோபாக்டர் பரவியது இதற்கு நன்கு பதிவான சான்று. வன்னியின் அந்தப் போர் நாட்களில் குறைந்த மருந்தைக் கொண்டு உயிர்களைக் காத்த நம் வைத்தியர்களையும் தாதியரையும் தொண்டர்களையும் தலைவணங்கி நினைவுகூர்கிறேன்.

2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றபோது மருந்துத் தட்டுப்பாடு தீவு முழுவதையும் பிடித்தது. தேவையான மருந்து இல்லாவிட்டால் வைத்தியர் அடுத்ததை எடுக்கிறார். பெரும்பாலும் அது மேல்நிலை மருந்து. ஆக, தட்டுப்பாடும் எதிர்ப்பை வளர்க்கிறது, மிகைப் பாவனையும் வளர்க்கிறது.

யாருடைய மருந்து இது

வன்னி குளங்களின் நாடு. சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் அமைப்பு கூடுகிறது. குளத்தில் எத்தனை அடி நீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், துருசு எந்த நாளில் திறக்கும் என்று சபையில் முடிவெடுக்கிறோம். தலைவாய்க்காலில் காணி உள்ளவர் தன் வயலில் நீர் நிற்கட்டும் என்று முறைமீறி மறித்தால் கடைவாய்க்கால் காணி காய்ந்துபோகும்; அதனால் ஊர் அதை அனுமதிப்பதில்லை. நுண்ணுயிர்க்கொல்லியும் இப்படி எல்லோருக்கும் பொதுவான, அளவுள்ள ஒரு சொத்து. பிரஷர் குளிசையை நான் தவறாக எடுத்தால் கெடுதி எனக்கு மட்டும். நுண்ணுயிர்க்கொல்லியைத் தவறாக எடுத்தால், முன்பின் அறியாத ஒரு பச்சிளங்குழந்தைக்கு அடுத்த மாதம் அது வேலை செய்யாமல் போகலாம்.

இந்தக் குளத்தில் புதுநீர் வருவதும் குறைவு. புதிய வகை நுண்ணுயிர்க்கொல்லி கண்டுபிடிப்பு மெலிந்துவிட்டது. சில நாள் மட்டுமே எடுக்கும், பத்திரப்படுத்தி வைக்கவேண்டிய மருந்தில் கம்பனிகளுக்கு இலாபம் இல்லை. அமெரிக்காவின் அக்கேயோஜென் நிறுவனம் 2018 இல் பிளாசோமைசின் என்ற புதிய மருந்துக்கு அனுமதி பெற்றது. 2019 இலேயே வங்குரோத்தானது.

இருப்பதைக் காக்கும் சிந்தனை இலங்கைக்குப் புதிதல்ல. பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, தேவையான மருந்துகள், தரமானவை, நியாய விலையில், அறிவோடு பயன்படுத்தப்படவேண்டும் என்ற கொள்கையை உலகுக்குக் காட்டினார். உலகச் சுகாதார நிறுவனம் இன்று நுண்ணுயிர்க்கொல்லிகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது: பெரும்பாலான தொற்றுகளுக்கு முதலில் எடுக்கவேண்டியவை, கண்காணிப்போடு எடுக்கவேண்டியவை, இறுதிக்கென ஒதுக்கவேண்டியவை. மனிதருக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் 70 வீதம் முதல் வகையாக இருக்கவேண்டும் என்று 2024 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நாடுகள் இலக்கு வைத்தன. கேரளம் 2024 சனவரியில், சீட்டில்லாமல் விற்கும் கடைகளைத் தேடிப்பிடிக்கும் பணியைத் தொடங்கி, பொதுமக்களிடமிருந்தே தகவல் பெற்றது. இலங்கையிலும் சட்டம் இருக்கிறது. சீட்டில்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி விற்கக்கூடாது. ஊர் கேட்டால்தான் சட்டம் அசையும்.

செய்யவேண்டியவை

முதலாவது, வைத்தியசாலைகளுக்கு. ஒவ்வொரு கட்டிலருகிலும் கைகழுவ வழி இருக்கவேண்டும். சவர்க்காரமும் நீரும் அல்லது அற்ககோல் திரவமும் ஒரு நாளும் தீரக்கூடாது. நோயாளியைத் தொடுமுன்பும் தொட்டபின்பும் கைகழுவுவது பேராசிரியருக்கும் சிற்றூழியருக்கும் ஒரே விதி. கனுலாவும் சலக்குழாயும் தேவை முடிந்த அன்றே அகற்றப்படவேண்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியரின் பதவி எந்த மாவட்ட வைத்தியசாலையிலும் வெற்றிடமாகக் கிடக்கக்கூடாது.

இரண்டாவது, கடும் தொற்று என்று ஐயம் வந்தால் முதல் ஊசிக்கு முன் இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பவேண்டும். இதற்காக மருந்தைத் தாமதிக்கக்கூடாது. இரத்தம் எடுக்கச் சில நிமிடமே போதும். சிறிய வைத்தியசாலைகளிலிருந்து மாவட்ட ஆய்வுகூடத்துக்கு மாதிரிகளை நாள்தோறும் கொண்டுசெல்லும் வாகன ஒழுங்கு வேண்டும். முடிவு வந்ததும் பரந்த மருந்தை நிறுத்திப் பொருந்தும் மருந்துக்கு மாறவேண்டும்.

மூன்றாவது, நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும். எந்த மருந்து எடுத்தாலும் அதன் பெயரையும் தொடங்கிய திகதியையும் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். வெற்று மட்டையை எறியாமல் அடுத்த வைத்தியரிடம் காட்டுங்கள். டயக்னோசிஸ் காட்டைப் பத்திரப்படுத்துங்கள். தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கேட்காதீர்கள். சொன்ன நாள்வரை எடுங்கள். மிஞ்சியதை அயலவருக்குக் கொடுக்காதீர்கள்.

நான்காவது, நோயாளி பார்க்கப் போகும் நம் எல்லோருக்கும். பார்க்காமல் விட்டால் குறை என்று ஊரே வாட்டுக்குள் திரள்கிறோம். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டிலில் இருக்காதீர்கள், சேலைன் குழாயைத் தொடாதீர்கள், சிறுபிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள், போகும்போதும் வரும்போதும் கைகழுவுங்கள்.

ஐந்தாவது, கமக்காரருக்கும் பண்ணையாளருக்கும். நீரிழிவு உள்ளவர் காலில் புண்ணோடு வயலில் இறங்கவேண்டாம். இறங்கினால் சப்பாத்து அணியுங்கள். காய்ச்சலோடு போனால் வயல்வேலை செய்வதையும் நீரிழிவு இருப்பதையும் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த இரண்டு தகவல்களால் மெலியோய்டோசிஸ் நினைவுக்கு வரும், உயிர் தப்பும். கோழிக்கும் மாட்டுக்கும் கால்நடை வைத்தியர் சொல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி கலக்காதீர்கள்.

இறுதியாக இந்த அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்பதை மாவட்ட ஆய்வுகூடங்களின் பதிவுகள் காட்டும். வைத்திய நிபுணர்களின் அனுமதியோடு அதன் சுருக்கத்தை ஆண்டுதோறும் அச்சிட்டு வன்னியின் ஒவ்வொரு சிறு வைத்தியசாலைக்கும் தனியார் வைத்தியருக்கும் கொடுங்கள். மக்களுக்கென எளிய தமிழில் ஒரு பக்கம் சேருங்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அந்த அறிக்கையை வாசித்துத் தொடங்குங்கள். குளத்து நீரின் அளவைச் சபையில் அறிவித்துப் பங்கிடத் தெரிந்த மக்கள், மருந்தின் அளவையும் அறிந்து காக்கவல்லவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வேலையைத் தொடங்குவதற்கு வேறெந்த இடத்தின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை.